குறியீடு 97: மற்றவை

மகாபாரதத்து விராடபுரம் எங்கள் தாராபுரம்தான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பாண்டவர்கள் அடையாளம் காட்டாமல் ஒரு வருஷம் தங்கியது இங்கேதானாம். நம்புவதற்கு ஆசைதான். ஆனால் இன்று அவர்கள் வீடு கேட்டு வந்தால் என்ன ஆகும்? ஐந்து ஆண்கள், ஒரு பெண். சொந்த ஊர் சொல்ல முடியாது, குலசாமி சொல்ல முடியாது. மூத்தவனுக்குச் சூதாட்டம் தொழில். இரண்டாமவன் சமையல் மாஸ்டர், அசைவமும் சமைப்பான். மூன்றாமவர் திருநங்கையாக வாழும் நடன ஆசிரியை. துரியோதனன் நாலு திசைக்கும் ஒற்றனை அனுப்பியிருக்கவே வேண்டாம். ஒரே ஒரு வீட்டு புரோக்கரிடம் விசாரித்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பான்.

வீட்டுவசதிக் கொள்கையை ஆராயும் நிறுவனம் ஒன்றில் நான் ஆராய்ச்சி உதவியாளன். ஆராய்ச்சி பெரியவர்களுடையது, உதவி என்னுடையது. வெயிலில் வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் கட்டம் நிரப்ப வேண்டும். ஏசி அறையில் அது வளைகோடாக மாறும். பிறகு டெல்லியில் சமோசாவோடு ஒரு கருத்தரங்கு.

அந்தக் கருத்தரங்குகளில் ஒரு புதிர் ஓயாமல் அலசப்படும். நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு சொன்னது. அதில் ஏறக்குறைய 1.5 கோடி, கூரை இருந்தும் நெரிசலில் வாழும் குடும்பங்களின் கணக்கு. இன்னொரு பக்கம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. ஆளும் இருக்கிறது, வீடும் இருக்கிறது, இரண்டும் ஏன் சேரவில்லை? பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பயந்து ஓனர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்கள் நிபுணர்கள். சரி, தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் போய் 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், பதிவு எண், வாடகை ஆணையம், எல்லாம் உண்டு. ஆளைப் பார்த்து வீடு இல்லை என்று சொன்னால் குற்றம் என ஒரு வரி மட்டும் அதில் கிடையாது.

புதிருக்கு விடை வேண்டுமென்றால் எங்கள் ஊர் லைன் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காரலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் விடிகாலையில் ஏறி இருட்டிய பிறகு இறங்கும் ஒரு டெய்லர் அக்கா. கணவருக்கும் அதே கம்பெனியில் வேலை. வாடகை கொடுக்கக் காசு இருக்கிறது, அட்வான்ஸும் தயார். வாசலில் 'டூலெட்' போர்டு தொங்கிய வீடுகளில் நடந்த பேட்டியை அவர் அப்படியே நடித்துக் காட்டினார்.

"எந்த ஊருங்க?"

சொன்னார்.

"அங்க எந்தப் பக்கமுங்க?"

சொன்னார்.

"குலசாமி எதுங்க? நீங்க எந்தக் கூட்டமுங்க?"

அக்கா வாயைத் திறக்கும் முன்பே ஓனருக்கு விடை கிடைத்துவிட்டது. "அடடா, நேத்துத்தானுங்க ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." அந்த 'நேத்து ஒருத்தர்' தாராபுரம் முழுக்க அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கிறார். குடி வருவதுதான் இல்லை. போர்டும் இறங்குவதில்லை. மரியாதைக்குக் குறைவே கிடையாது. ஒவ்வொரு 'ங்க'வும் கதவில் ஒரு தாழ்ப்பாள்.

டேப்லெட்டைப் பார்த்தேன். 'விரும்பிய வீடு கிடைக்காததற்குக் காரணம்: 1. வாடகை அதிகம். 2. வேலைக்குத் தூரம். 3. தண்ணீர் வசதி இல்லை. 4. இடம் போதாது. 97. மற்றவை.' 97ஐ அழுத்தினேன். அன்று மாலை வரை 97ஐத்தான் அதிகம் அழுத்தினேன்.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். "அது சோஷியாலஜி தம்பி, நாம பண்றது எக்கனாமிக்ஸ்" என்று பதில் வந்தது. நிதி கொடுப்பவர்கள் சங்கடப்படுவார்களாம். அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த 97கள் மொத்தமும் ஒரே வாக்கியமாகியிருந்தன: 'குறைந்த வருவாய்ப் பிரிவினர் தம் சமூக உறவுகளுக்கு அருகிலேயே வசிக்க விரும்புகின்றனர்.' துரத்தப்பட்டவனின் ஓட்டத்துக்கு விருப்பம் என்று பெயர் வைக்க முதுகலைப் பட்டமாவது வேண்டும்.

எக்கனாமிக்ஸ் இல்லையாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த ஒருவர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் யாரும் இடம் தரவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து துரத்தினார்கள். போக இடமில்லாமல் பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார் அம்பேத்கர். எங்கள் டேப்லெட்டில் அவரும் 97தான். சாதியைப் பற்றிக் கேட்க நினைத்தால் கேட்கலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடுகளுக்கு வெவ்வேறு பெயர்களில் போன் போட்டுப் பார்த்தார்கள். பெயர் மாறியபோது பதிலும் மாறியது. 2015இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். உலகம் இடிந்து விழவில்லை.

எங்கள் தாராபுரம் சட்டமன்றத் தனித்தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தான் இங்கே எம்எல்ஏ ஆக முடியும். சட்டசபையில் நாற்காலி ஒதுக்கிய ஊரில், மெயின் ரோட்டில் இரண்டு அறை ஒதுக்க ஆளில்லை. ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரும், "உங்க மாடி வீடு காலியா இருக்கே, யாருக்கு விடுவீங்க?" என்று கேட்டதில்லை. அவர் மாடியும் காலியாகத்தான் இருக்கிறது.

'2022க்குள் அனைவருக்கும் வீடு' என்றது மத்திய அரசு. வருஷம் வந்தது, போனது, கெடு நீண்டது. 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்றது மாநில அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம். கட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சொந்த மனை இருப்பவனுக்குத்தான் கான்கிரீட் உதவும். கம்பெனி வேன் நிற்கும் ரோட்டோரத்தில் வாடகை வீடு தேடுபவளுக்குக் கான்கிரீட் தட்டுப்பாடு இல்லை. வீடு ஏற்கெனவே கட்டி, வெள்ளையடித்து, போர்டு மாட்டி நிற்கிறது. சாவிதான் ஓனரின் இடுப்பில்.

இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 வருகிறது. 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லோருடைய சாதியையும் முழுசாக எண்ணப் போகிறார்களாம். சாதியை எப்படிக் கேட்பது, எப்படிக் குறிப்பது என்று டெல்லியில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எதற்கு வீண் சிரமம்? எங்கள் ஊர் வீட்டு ஓனர்களை ஆலோசகர்களாகப் போடுங்கள். கேட்பது நாலே கேள்வி. படிவம் இல்லை, செலவு இல்லை, தவறே வராது. முக்கியமாக, அவர்கள் கணக்கில் 'மற்றவை' என்று ஒரு கட்டமே கிடையாது.