சாக்கெட்டுக்குத் துணை தேவையா?

கேள்வி: சி மொழியில் சாக்கெட் புரோகிராம் எழுதினேன். லினக்ஸில் ஜோராக ஓடுகிறது. விண்டோஸில் கம்பைல்கூட ஆகவில்லை. லைப்ரரியைப் பிடித்துக்கொள்ளலாமா, நானே மல்லுக்கட்டவா?

பதில்: தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்! சாக்கெட் 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. விண்டோஸுக்குக் குடிபோனபோது அதற்குப் புகுந்த வீட்டுச் சடங்குகள் சேர்ந்துவிட்டன. தொடங்குமுன் டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்அப்பை அழைக்க வேண்டும். மூடுவதற்கு க்ளோஸ் போதாது, க்ளோஸ்சாக்கெட் வேண்டும். பிழை என்னவென்று கேட்கவும் தனி ஃபங்ஷன். இதற்கெல்லாம் நீங்களே இஃப்டெஃப் போட ஆரம்பித்தால், எழுத வந்த புரோகிராம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அப்பாச்சி வெப் சர்வருக்காகப் பிறந்த ஏபிஆரும், நோட் ஜேஎஸ்ஸுக்காக எழுதப்பட்ட லிப்யூவியும் இந்த வேறுபாடுகளைத் தம் தலையில் சுமக்கின்றன. ஒன்றிரண்டு இணைப்பு, வரிசையான வேலை என்றால் ஏபிஆர். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் என்றால் லிப்யூவி. அத்தனை இணைப்புகளையும் கவனிக்க லினக்ஸில் ஈபோலையும் விண்டோஸில் ஐஓசிபியையும் அதுவே பயன்படுத்திக்கொள்ளும்.

ஆனால், எந்த லைப்ரரியாலும் டிசிபியின் குணத்தை மாற்ற முடியாது. அதற்கு பைட் தெரியும், உங்கள் செய்தியின் எல்லை தெரியாது. 100 பைட் அனுப்பினால் அங்கே 60, 40 என்று பிரிந்து போகலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் போகலாம். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்புங்கள். அத்தனை பைட்டும் சேரும்வரை படியுங்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் சோதித்தால் இப்படிப் பிரிவதும் ஒட்டுவதும் பெரும்பாலும் கண்ணில் படாது. தயவுசெய்து இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓட்டிப் பாருங்கள்.