இறக்கிய பிக்கப்பில் இடைவெளி: ஒரு கோட்பாட்டு ஆய்வு

பாயிரம்

இடைவெளியை ஆராய்ந்தோர் இருவகையினர். வான்வெளியை அளந்தோர் ஒரு வகை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று குத்தவைத்துப் பார்த்தோர் மறுவகை. முன்னவருக்கு நோபல் பரிசு கிடைக்கிறது. பின்னவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கை இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்களம் தென் கலிஃபோர்னியா. ஆய்வுப்பொருள், 1982 மாடலாக அறிமுகமான ஷெவர்லே எஸ்-10 என்னும் சிறு பிக்கப், அதிலும் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும் வகை. அதைத் தரையோடு தரையாக இறக்கி, வேறு வீல் வாங்கி, அது பொருந்தாமற்போகவே ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் ஸ்பேசர் என்னும் அலுமினிய வட்டைக் கட்டுவோரே ஆய்வுக்குரிய மாந்தர். கருதுகோள் வருமாறு: வண்டியின் இடைவெளியை எவராலும் அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.

1. மேல்கீழ் இடைவெளி

எஸ்-10இன் பின் ஆக்ஸில் கமான் பட்டையின் மேல் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே 3 அங்குலக் கட்டை ஒன்றை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்கினால், வண்டியின் பின்புறம் 3 அங்குலம் இறங்கும். நடுவில் ஒன்றைச் செருகி உயரத்தைக் குறைக்கும் இவ்விந்தை தத்துவ நூல்களில் காணப்படாதது. மட்கார்டில் இருந்த இடைவெளி போயிற்று. போனது எங்கே? கட்டை நிற்கும் இடத்துக்குப் போயிற்று. ஆனால் கட்டையின் மேல் ஏறி நிற்கும் ஆக்ஸில் இப்போது சேஸிஸை நெருங்கிவிட்டது. பள்ளம் வந்தால் இடிக்கும். ஆகவே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்துக்குத் தடித்த தகடு கொடுத்துப் பலப்படுத்துகிறார்கள். கருதுகோளுக்கு இது முதற்சான்று.

2. சட்ட இயல்

கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தில் 2023 முடிய இருந்த 24008ஆம் பிரிவு, மாற்றியமைத்த வண்டியில் சக்கரம் தவிர்த்த எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தரைக்கு நெருக்கமாக இருக்கலாகாது என்றது. இவ்விதிக்கு 1959இல் ரான் அகீரே என்பவர் தம் கார்வெட்டில் ஹைட்ராலிக் பொருத்தி விடை கண்டார்: விசையை இயக்கினால் வண்டி தரையை விட்டு எழும், மறுபடி இயக்கினால் படுத்துக்கொள்ளும். பிக்கப்காரர் கண்டது இன்னும் நுட்பமான உரை. 225/70 ஆர் 15 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 157 மி.மீ. ரப்பர் உண்டு. 245/35 ஆர் 20 டயரில் 86 மி.மீ. மட்டுமே. மொத்த உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே 20 அங்குல வீல் வாங்கியவர் இன்னும் 7 செ.மீ. கீழே இறங்கச் சட்டமே இடம் தந்தது. இதை ஊதாரித்தனம் என்பார் சட்டம் படியாதவர்.

3. பக்கவாட்டு இடைவெளி

பழைய வீல் 7 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் விலகி நிற்கும் தூரம்) 0 என்க. புதியது 8.5 அங்குலம், ஆஃப்செட் +35. மாட்டிப் பார்த்தால் உள்விளிம்பு முன்னைவிட 54 மி.மீ. உள்ளே போய் நிற்கிறது. வெளிவிளிம்போ 16 மி.மீ. உள்வாங்கிவிட்டது. பளபளக்கும் வீல் வாங்கியும் பார்ப்பவருக்குத் தெரிவது மட்கார்டின் நிழல்தான். 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் உள்ளே 29, வெளியே 9 என்று கணக்கு ஒருவாறு தேறும்.

அஃதேல், வெளியே தள்ளிய டயர் மேடுபள்ளத்தில் மட்கார்டின் மடிப்பில் உரசாதோ என்பது கடா. உரசும் என்பதே விடை. அதற்காக மடிப்பை உள்ளே மடித்து நசுக்க ஒரு கருவி விற்கிறது. பேரிங் கெடாதோ எனின், பேரிங்குக்கு ஸ்பேசரும் தெரியாது, ஆஃப்செட்டும் தெரியாது. சுமை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதொன்றே தெரியும்.

ஆக, மேல்கீழ் இடைவெளியை ஒழிக்க ஒரு தொகை. பக்கவாட்டு இடைவெளியை விலைக்கு வாங்க இன்னொரு தொகை. கருதுகோள் வலுப்பெறுகிறது.

4. இரு மரபுகள்

எஸ்-10இன் ஐந்து ஸ்டட்களும் 120.65 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. பி.எம்.டபிள்யூ. வீல்கள் பலவற்றின் துளைவட்டமோ 120. இந்த 0.65 குறித்து வடகலை தென்கலைக்குக் குறையாத வழக்கு நடக்கிறது. 'ஏறுகிறதே, பிறகென்ன?' என்பது ஒரு மரபு. ஒவ்வொரு ஸ்டட்டும் 0.325 மி.மீ. விலகி நிற்க, நட்டின் கூம்பு முகம் ஒரு பக்கமாகவே அழுந்தும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும் என்பது மறு மரபு. கட்டுரையாளர் சார்வது இரண்டாவதை. 120.65ஐ 120ஆக மாற்றித்தரும் ஸ்பேசர் கடையில் கிடைக்கையில் தர்க்கம் எதற்கு?

5. கட்டும் முறை

ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். துருவின் மேல் உட்கார்ந்த ஸ்பேசர் என்றும் நேராகாது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வீல் அதன்மேல் மோதி நிற்கும்; கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கி, 50 முதல் 100 மைல் ஓடியபின் மறுபடி இறுக்குக. ஸ்பேசரை ஹப்போடு பிணைக்கும் உள்நட்டுகள் வீலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், வீலையே கழற்றினாலொழிய அவற்றைச் சரிபார்க்க வழியில்லை. வெளிநட்டை மட்டும் இறுக்கிவிட்டுத் திருப்தியடைவோர் இத்துறையில் மிகுதி.

6. முடிபு

இறுதியில் இடைவெளி எங்கே போய்ச் சேர்கிறது? அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவருக்கு வீடு மாற்றும் நண்பரிடமிருந்து தப்பில்லை. சனிக்கிழமை காலையில் போன் வரும்: 'ஃபிரிட்ஜும் சோபாவும் மட்டும்தான். அரை மணி நேர வேலை.' இறக்கிய பிக்கப்காரர் உண்மை குன்றாமல் ஒரு சொல் சொல்கிறார்: 'உரசும்.' அதற்குமேல் வாதமில்லை. மட்கார்டில் தொடங்கி, சேஸிஸுக்கும் ஹப்புக்கும் இடம்பெயர்ந்த இடைவெளி, கடைசியில் அவருக்கும் நண்பரின் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நிலைகொள்கிறது. செலவழித்த தொகை இதற்கு நியாயமான விலையே என்பது இவ்வாய்வின் துணிபு.