ஏறி அமர்தல்: பூனை நகைகள் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

பூனை உருவத்தைக் காதிலும் கழுத்திலும் விரலிலும் சுமந்து திரிவோரைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை பாராமுகமாகவே இருந்துவிட்டது. அக்குறையை நீக்கப் புகுந்த இக்கட்டுரையின் கருதுகோள் ஒரே வரி: பூனை நகையைப் பொறுத்தவரை அணிவது பூனை, அணிகலன் மனிதர்.

முதற்சான்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேயர்-ஆண்டர்சன் பூனை என்று பெயர், கி.மு. 600 வாக்கில் எகிப்தில் வார்த்த வெண்கலச் சிலை, பாஸ்டெட் தெய்வத்தின் வடிவம். காதில் பொன் வளையம், மூக்கில் பொன் வளையம். கல்யாண வீட்டில் பெட்டியிலிருந்த அத்தனையையும் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நிமிர்ந்து உட்காரும் பெரியத்தையின் தோரணை. அந்நாட்டு மக்களோ சின்னஞ்சிறு பூனைத் தாயத்துகளைக் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். பூனைக்குப் பொன், மனிதருக்குப் பூனை என்ற பங்கீடு அப்போதே முடிந்துவிட்டது.

அடுத்த சான்று பாரிஸில். கார்த்தியே நிறுவனம் 1914இல் ஒரு கைக்கடிகாரத்தில் வைரத்துக்கு இடையே கறுப்பு ஓனிக்ஸ் கற்களைப் புள்ளிபுள்ளியாகப் பதித்தது. சிறுத்தை வரவில்லை; தோலை மட்டும் முன்கூட்டி அனுப்பியிருந்தது. முழு உடலோடு அது வந்து சேர்ந்தது 1948இல், நகைப்பிரிவின் தலைவி ழான் தூசாந்த் காலத்தில். அந்த அம்மையாருக்கே 'சிறுத்தை' என்றுதான் பட்டப்பெயர். ஆய்வில் இதை உள்ளாள் வேலை என்போம்.

ஆணை கொடுத்தவர் வின்சர் கோமகன். வாலிஸ் சிம்ப்சனை மணக்க 1936இல் பிரிட்டிஷ் அரியணையைத் துறந்தவர். அவர் மனைவிக்காகச் செய்வித்த ப்ரூச்சில், 116 காரட்டுக்கு மேற்பட்ட மரகதக் குமிழின் மேல் பொற்சிறுத்தை ஒன்று படுத்திருக்கிறது. தமக்கு இல்லாது போன ஆசனத்தை ஒரு சிறுத்தைக்குச் செய்து கொடுத்த ஒரே மன்னர் இவராகத்தான் இருக்க வேண்டும். மறுவருடம் இன்னொன்று: 152 காரட் நீலக்கல்லின் உச்சியில் வைரச் சிறுத்தை. விலையுயர்ந்தது எதுவோ அதன் மேல் ஏறி உட்காருவது பூனையின் இயல்பு என்பதை, பிரித்து வைத்த நாளிதழும் திறந்து வைத்த மடிக்கணினியும் உடையோர் அறிவர். 1952இல் செய்த சிறுத்தைக் கைவளையில் ஆசனக் கல் கிடையாது. ஆகவே அது கோமகளின் மணிக்கட்டிலேயே சுற்றிப் படுத்துக்கொண்டது. 2010இல் லண்டன் ஏலத்தில் அவ்வளை 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. மணிக்கட்டு விலையில் சேராது.

புலியும் பூனைக் குடும்பந்தானே, குறுந்தொகையும் அகநானூறும் காட்டும் புலிப்பல் தாலியைச் சேர்க்கலாகாதா எனக் கேட்பர். ஆகாது. அங்கே புலி வந்து அமரவில்லை, பல் மட்டும் வந்தது. புலிநகச் சங்கிலியும் அப்படியே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வோரை வனத்துறை ஆய்வு செய்துகொள்ளும்.

ஹலோ கிட்டி தோடுகளையும் விலக்க நேர்ந்தது வருத்தமே. 1974இல் ஜப்பானில் தோன்றிய அவ்வுருவம் பூனையே அல்ல, சிறுமி என்று அதன் உரிமையாளரான சான்ரியோ நிறுவனம் 2014இல் தெளிவுபடுத்திவிட்டது. காதும் மீசையும் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் ஆய்வாளர் எங்கே போவார்?

எஞ்சியிருப்பது வைடூரியம். பூனைக்கண் என்றும் பெயர் பெற்ற இக்கல்லுக்கு இலங்கை பேர்போனது. உள்ளே மயிரிழைகளாய் ஒரே திசையில் அடுக்கிய நுண்ணூசிகள் ஒளியைத் திரட்டி, குறுக்கே ஒற்றைக் கோடாக்குகின்றன. கல்லை அசைத்தால் கோடு நகரும்; நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். வைரம் போலப் பட்டை தீட்டினால் கண் காணாமல் போய்விடும். வழவழவென்று குமிழாக்கினால்தான் விழிக்கும். தடவிக்கொடுத்தால் மட்டுமே இணங்கும் என்று குறித்துக்கொள்க.

கேது தோஷத்துக்கு இதை மோதிரமாக்கி அணியச் சொல்வர் ஜோதிடர். அதே மோதிரத்தோடு காலையில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர், தெருமுனையில் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிறார். சிலர் வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். ஒரு கண்ணைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் நிற்க, பூனை போய்க்கொண்டே இருக்கிறது. அதனிடம் இரண்டு இருக்கின்றன.