ஆளுயரக் காசோலை

ஜூன் பிறந்தால் போதும், ஊர் மகளிர் சங்கங்களுக்குப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மேல் பாசம் பொங்கிவிடும். ஆளுக்கு 2,000 ரூபாய் உதவித்தொகை. தொகைதான் சிறிது, தெர்மாகோல் காசோலை ஆளுயரம். அதைப் பிடித்து நின்றால் மாணவியின் நெற்றியும் வகிடும் மட்டுமே படத்தில் விழும். செயலாளர் அம்மாவுக்கு வேறு கவலை: “கையைக் கொஞ்சம் எடும்மா, சங்கத்தோட பேரு மறையுது!”

தலைவி, முன்னாள் தலைவி, முன்னாளுக்கு முன்னாள் தலைவி என்று சால்வை போர்த்தி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அரைநாள் கூலி போயிருக்கும். சால்வைக் காசில் இன்னும் சில பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம்தான். புத்தகத்தைத் தோளில் போர்த்த முடியாதே!

தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. 2022-ல் தொடக்க விழா நடத்தினார்கள்தான்; ஆனாலும் மாதாமாதம் மேடை போட்டு, வரவேற்புரை வாசித்துக் கொடுப்பதில்லை. விவரம் போதாதவர்கள்.

சங்கத்தின் நிஜக் காசோலையா? பொருளாளர் அம்மா மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருக்கிறார். வந்ததும் கையெழுத்துப் போடுவார்.