பத்மினிக்கு வேகம் ஏற்றுபவர்

அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் வீடு பார்த்தாலும், தெருவுக்கு ஒருவராவது இவர் இருப்பார். வாசலில் தார்ப்பாய் போர்த்திய பிரீமியர் பத்மினி. பானட் திறந்திருந்தால் வீட்டில் இருக்கிறார். மூடியிருந்தால் உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போயிருக்கிறார். போன் செய்தால் மனைவிதான் எடுப்பார். "அவரு பத்மினிகிட்ட இருக்காரு" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

பெரும்பாலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவராக இருப்பார். இல்லையென்றால் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். 1965-ல் ஆவடியிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கு 535 குதிரைத்திறன். அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டிய கைக்கு, நாற்பத்துச் சொச்சம் குதிரையோடு நிற்கும் பத்மினி ஒரு குறையாகவே தெரியும். 68 மில்லி போர், 75 மில்லி ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், 1089 சிசி. பேரன் பிறந்தநாள் மறந்தாலும் இது மறக்காது.

வியாதிக்கு மூலம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஐம்பதுகளிலிருந்து ரேஸ் நடந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் வளைவில் உரசிக்கொண்டு போனதைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிறகு ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. இவர் மட்டும் சோழவரத்திலேயே நின்றுவிட்டார்.

வேலையை ஹெட்டிலிருந்து ஆரம்பிப்பார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, தொழிற்பேட்டையில் கொடுத்து, அடிப்பக்கத்தைச் சுமார் ஒரு மில்லி பிளேனிங் அடித்து வாங்கி வருவார். எரியும் அறை சிறுத்து, கம்ப்ரஷன் ஏறும். அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். பிறகு போர்ட்டை எமரி போட்டுக் கண்ணாடியாக்குவது. பிறகு ரெட்டை வாய் கார்புரேட்டர். எல்லாம் முறையான வேலைதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் கம்ப்ரஷன் ஏறினால் நாக்கிங் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் யாரோ சில்லறை எண்ணுகிற சத்தம். அதை அடக்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தால், ஹெட்டைத் தேய்த்துச் சம்பாதித்ததில் பாதி அங்கேயே போய்விடும். இந்த வரவு செலவை மனைவியிடம் சொல்லமாட்டார். "செட் ஆயிட்டு இருக்கு" என்பார். வருஷக்கணக்காக செட் ஆயிட்டு இருக்கிறது.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் 95. நாக்கிங் குறையும் என்று தெருவிலேயே இதைக் கொண்டாடியவர் இவர் ஒருவர்தான். அதே எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். கலவை லீன் ஆகும். ஜெட்டை மாற்ற வேண்டும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்தது என்று அதற்கும் சந்தோஷப்படுவார்.

ஃப்ளைவீல் விஷயம்தான் கொஞ்சம் சோகம். லேத்தில் கொடுத்து எடையைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று சுற்றும் என்பது உண்மை. ஆனால் ஐடிலிங்கில் நிற்காது. ஆவடி செக்போஸ்ட் சிக்னலில் ஒரு கால் கிளட்சில், இன்னொரு கால் ஆக்சிலேட்டரில். பிரேக்குக்கு மூன்றாவது கால் கேட்கும். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், "இன்னா சார், ஃபிளைட்டா?" என்பார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

எத்தனை குதிரை ஏறியது என்று அளக்க இவரிடம் கருவி எதுவும் இல்லை. பாடி மேம்பாலம்தான் கருவி. டாப் கியரிலேயே ஏறிவிட்டால் "அம்பது தாண்டிடுச்சு". ஏறாவிட்டால் பெட்ரோல் பங்க் சரியில்லை. பெரிய பரீட்சை என்றால் விடிகாலையில் நெமிலிச்சேரி வழியாக நானூறடி ரோடு. அங்கே எண்பதில் போகும்போது ஒரு ஸ்விஃப்ட் சத்தமில்லாமல் முந்திப் போகும். "அதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி" என்பதோடு அந்தப் பேச்சு முடியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. அது இவருக்கும் தெரியும். அதனால்தான் சத்தம் போடும் சைலன்சருக்கு மாறிய பிறகும், பழைய கம்பெனி சைலன்சர் கோணியில் சுற்றிப் பரணில் தூங்குகிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்த வாரம் மட்டும் அது கீழே இறங்கும். தெருவே நிம்மதியாகத் தூங்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சர் இல்லை, பொய்யர் இல்லை. நடுராத்திரி உங்கள் ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பிளக்கைக் கழற்றி, நிறத்தைப் பார்த்து, வீட்டுச் சங்கதி வரைக்கும் சொல்லிவிடுவார். காசு வாங்கமாட்டார். பதிலுக்கு பத்மினியின் கதையை நீங்கள் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் புகார் வேறு. ஹெட், போர்ட், கார்புரேட்டர், சைலன்சர், ஃப்ளைவீல் என்று போவதற்கான எல்லாவற்றையும் தொட்டவர், நிற்பதற்கான ஒன்றைத் தொட்டதில்லை. பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகத்தை ஏற்றுமுன் பிரேக்கைப் பார் என்பது இந்தத் தொழிலில் பழைய பாடம். அதற்குப் புதுப்பேட்டை வரை போகவும் வேண்டாம். இவர் தினமும் கியர் மாற்றாமல் ஏறிப் பார்க்கும் அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே, பாடியில், 1962-ல் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா கம்பெனி இருக்கிறது. ஆனால் பிரேக் சத்தம் போடாது. போட்டால் அது ரிப்பேர். சத்தம் வராத பாகத்துக்குச் செலவு செய்ய இவருக்கு மனசு வராது.

"ஒரு ரவுண்டு போலாமா சார்?" என்று உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார். தாராளமாகப் போங்கள், நல்ல மனுஷர். ஏறுவதற்கு முன் பிரேக் லைனிங் கடைசியாக எப்போது மாற்றினார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.