குண்டாறு போய்ச் சேரும் கடலில்

கேள்வி: ஆளரவமில்லாத தீவு ஒன்றில் நாலு நாள் காலை நீட்டிக் கிடக்க ஆசை ஐயா. எங்கள் ஊர் குமாரலிங்கபுரத்துக்குப் பக்கத்தில் எது?

பதில்: கிழக்கே பாருங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் திருச்சுழி வழியாக ஓடுகிற நம் குண்டாறு போய்ச் சேர்வதும் அந்தக் கடலில்தான். ஆனால் காலை நீட்ட முடியாது. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கரையேறக் கூடாது.

கேள்வி: யாரும் குடியிராத மணலில் நான் ஒருவன் போய் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: குடியில்லை என்று யார் சொன்னது? பவளப்பாறை, கடற்புல், அதை மேய்கிற ஆவுளியா என்ற கடல்பசு, ஆமை எல்லாம் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. அந்த 21-இல் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பாறைதான். கண்மாய்க் கரையில் பதித்த கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனால் கரை எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போனால் பின்னாலேயே நூறு பேர் வருவார்கள். அதற்குத்தான் தடை.

கேள்வி: அப்படியானால் எங்களுக்குத் தீவே கிடையாதா?

பதில்: பாம்பன் தீவு இருக்கிறதே! ராமேஸ்வரம் தீவு என்பதையே கோயில் நினைப்பில் மறந்துவிடுகிறோம். திருச்சுழியில் ரயிலேறி, மானாமதுரையில் மாறிக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் உங்களைக் கடல்மேல் கொண்டுபோகும். அமாவாசையும் விடுமுறையும் வேண்டாம். சாதாரண வேலைநாளில், சாயங்காலம் குந்துகாலுக்குப் போங்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்திறங்கிய கரை அது. எதிரே குருசடைத் தீவு. சத்தமில்லாத கடலை நான் பார்த்தது அங்கேதான். அரை மணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கேள்வி: லட்சத்தீவு?

பதில்: கொச்சியில் கப்பல் ஏறலாம். அதற்கு முன் நுழைவு அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி: தனுஷ்கோடியில் கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

பதில்: கூடாது. நீரோட்டம் இழுத்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்த ஊரையும், ஆட்களோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. இடிந்த சர்ச் சுவர் பக்கத்தில் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். தை, மாசியில் போனால் பூநாரைகள் நிற்கும். 2025-இல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். பலர் கடலையே பார்த்ததில்லை. நினைவாக என்ன வாங்கித் தரலாம்?

பதில்: பவளத்துண்டு மட்டும் வேண்டாம், டீச்சர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கரிசலில் பிறந்த பிள்ளை முதல்முறை கடலைப் பார்க்கும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் பத்து நிமிஷம் பாடம் எதுவும் நடத்தாதீர்கள்.