கூரையைத் தானே வேயும் பீடத்தாருக்கு ஒரு பணிவான விண்ணப்பம்

பெறுநர்: வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களில் ‘தானாகக் கூரை அமை’, ‘தானாக அஸ்திவாரம் அமை’ என்னும் இரு கட்டளைகளையும் பரிபாலித்துவரும் மாண்பமை பீடத்தார்.

அனுப்புநர்: சுவர் வரைந்து முடித்துத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் வரைவாளர்கள், மேஸ்திரிகள், வீட்டுக்கடன் வாங்கியோர்.

பொருள்: கேட்காத இடத்தில் முளைக்கும் கூரையும் கேட்ட இடத்தில் இறங்காத அஸ்திவாரமும் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வரைபடத்தின் பூஜ்யம் தளம் முதல் முகடு வரை.

மாண்பமை பீடத்தாரின் ஆட்சியில் வீடு கட்டும் கலை அடைந்துள்ள வளர்ச்சியை முதற்கண் பாராட்டுவதே முறை. முகட்டிலிருந்து சுவர்வரை சரிந்து இறங்கும் கைமரத்தை எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் அறுப்பது என்று தச்சர் மூலைமட்டத்தை வைத்துக் கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றோ வெளிச்சுவர்களை வரைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இமைப்பொழுதில் முழுக்கூரையும் திரையில் எழுந்து நிற்கிறது. அது எந்த வீட்டின் கூரை என்பதை மட்டுமே பிறகு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பொத்தானுக்குப் பின்னால் இருப்பது மந்திரமன்று, வடிவகணிதம் என்பதைப் பயனர் அறியாமலிருப்பது பீடத்தாரின் மதிப்பைப் பெரிதும் காத்துவந்துள்ளது. வீட்டின் வெளிக்கோட்டை எல்லாப் பக்கங்களிலும் ஒரே வேகத்தில் உள்நோக்கிச் சுருக்கிக்கொண்டே போனால் அதன் மூலைகள் நகர்ந்துசெல்லும் தடங்கள் சேர்ந்து ஒரு கோட்டுச் சட்டகமாகின்றன. ஐக்ஹோல்ட்ஸர், அவுரன்ஹாமர், ஆல்பெர்ட்ஸ், கெர்ட்னர் ஆகிய நால்வரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே இச்சட்டகம் கணிப்பொறி வடிவகணிதத்தில் தனி இடம் பெற்றது. எல்லாப் பக்கமும் ஒரே சரிவுள்ள கூரைக்கு இக்கோடுகளே முகடுகளாகவும், மூலைகளிலிருந்து ஏறும் சாய்முகடுகளாகவும், இரு சரிவுகள் உட்பக்கமாகச் சந்தித்து மழைநீரை வாங்கிக்கொள்ளும் கூடல்வாய்களாகவும் அமைகின்றன. தானியங்கிக் கூரைக் கட்டளைகள் செய்வது இதையொத்த கணக்கையே. ஆகவே, அவை கூரையைப் பற்றி ஒன்றும் அறியா, சுவரின் கோட்டை மட்டுமே அறியும். வரைவாளர் கூரையில் பிழை தேடிக்கொண்டிருக்கும்போது பிழை கீழே சுவரில் இருப்பது இதனால்தான்.

இந்த உண்மையைப் பீடத்தார் எவ்வளவு நயமாக மறைத்துவருகின்றனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நேராக ஓடவேண்டிய வெளிச்சுவரை இரு துண்டுகளாக வரைந்தவர் இரண்டாம் துண்டை ஓர் அங்குலம் விலக்கி வைத்துவிட்டார் என்று கொள்வோம். கண்ணுக்குப் புலப்படாத இந்த மடிப்பையும் ஒரு சுவராகவே கருதும் கணக்கு, அதற்கென ஒரு தனிக் கூரைப்பலகத்தை எழுப்புகிறது. மடிப்பின் ஒரு முனை வெளிமூலையாகவும் மறுமுனை உள்மூலையாகவும் இருப்பதால் வெளிக்கோடு எவ்வளவு சுருங்கினாலும் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளம் குறைவதில்லை. எனவே ஓர் அங்குல அகலமுள்ள கூரைநாடா ஒன்று, ஒருபுறம் சாய்முகடும் மறுபுறம் கூடல்வாயுமாக, இறவாரம் எனப்படும் கூரை விளிம்பில் தொடங்கிக் குறுக்காக முகடுவரை ஏறிவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு ஓடு அறுக்கும் கொத்தனார் எங்கும் இல்லை என்பது பீடத்தாரின் கவனத்துக்கு வரவில்லை போலும். இரு சுவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி இணைத்தால் நாடா மறைந்துவிடும். ஆனால் அந்தச் சுவரைச் சுட்டிக்காட்டும் சிறு குறிப்பைக்கூடத் திரையில் இடாமல், பயனரின் விடாமுயற்சியை வளர்ப்பதையே பீடத்தார் தம் கல்விக்கொள்கையாகக் கொண்டுள்ளனர்.

வெளிச்சுவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சரிவு எழும்ப வேண்டும் என்பது பீடத்தாரின் பொது ஆணை. கூரை இருபுறம் மட்டும் சரிந்து, மற்ற இருபுறமும் சுவரே முக்கோணமாக முகடுவரை உயர்ந்து நிற்கும் கேபிள் வடிவம் வேண்டுவோர் அதற்கென விலக்கு பெற்றாக வேண்டும். சில மென்பொருள்களில் அந்தச் சுவரின் பண்புகளைத் திறந்து அதை முக்கோணச் சுவராக அறிவிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ரெவிட்டில் கூரையின் தரைக்கோட்டை வரைந்து, அந்த விளிம்புக்குரிய சரிவுக் குறியை நீக்க வேண்டும். அதே ஆண்டில் வெளிவந்த ஸ்கெட்ச்அப்பிலோ கூரைக்கென்று தனிக்கருவி இல்லாததால், துணைநிரல் சேர்க்காதவர் கோட்டையும் தளத்தையும் கையாலேயே இழுத்து முகட்டை எழுப்ப வேண்டும். மூன்றிலும் மிகுந்த சுதந்திரம் உடையவர் கடைசியாகச் சொல்லப்பட்டவரே. அவருக்கு உதவ யாருமில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

இறவார விவகாரம் தனி விசாரணைக்குரியது. வட அமெரிக்க வழக்கில் கூரைச்சரிவு 12 அங்குலக் கிடைத்தூரத்துக்கு எத்தனை அங்குலம் உயர்கிறது என்று அளக்கப்படுகிறது. 12-க்கு 6 என்பது சுமார் 26.6 பாகை, 12-க்கு 12 என்பது 45 பாகை. முன்பக்கச் சரிவை 12-க்கு 12 என்றும் பக்கச் சரிவை 12-க்கு 6 என்றும் வைத்து, இரண்டுக்கும் சுவரைத் தாண்டி 24 அங்குல நீட்சி கொடுத்தால், ஒன்றின் விளிம்பு சுவர்த்தலைக்குக் கீழே 24 அங்குலமும் மற்றொன்றின் விளிம்பு 12 அங்குலமும் இறங்கி, மூலையில் இரு விளிம்புப் பலகைகளும் ஒன்றையொன்று பாராமல் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். செங்குத்துச் சரிவின் நீட்சியை 12 அங்குலமாகக் குறைத்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஏழாம் வகுப்புக் கணக்கு இது. ஆயினும் இரு பக்கத்துக்கும் ஒரே நீட்சியை வழங்குவதே சமநீதி என்று பீடத்தார் முடிவு செய்திருப்பதால், மூலைகள் அந்த நீதியின் பலனை அனுபவிக்கின்றன.

உயரம் பற்றிய மர்மங்களும் இவ்வகையினவே. ஓர் அறையின் விதானத்தை மட்டும் ஓர் அடி உயர்த்தினால் அந்த அறையின் சுவர்த்தலையும் உயர்ந்து, அதன்மேல் அமரும் சரிவும் அண்டைச் சரிவிலிருந்து பிரிந்துவிடுகிறது. 12-க்கு 6 சரிவில் ஓர் அடி உயர்வென்பது கிடைமட்டத்தில் இரண்டடி விலகலாதலால், ஒரே பலகமாக இருந்த கூரை படிக்கட்டாக உடைகிறது. கூரை தொடங்கும் உயரத்தை விதானத்திலிருந்து பிரித்து, தனியாக நிலைப்படுத்துவதே இதற்கு மருந்து. சரிவு சுவரின் உள்முகத்திலிருந்து தொடங்குகிறதா வெளிமுகத்திலிருந்தா என்பதும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. ரெவிட்டில் இத்தேர்வு, கைமரமா முக்கோணச் சட்டகமா என்னும் அப்பாவித்தனமான கேள்வியின் வேடத்தில் வருகிறது. 9 அங்குலச் சுவரில் 12-க்கு 6 சரிவுக்கு இந்த ஒரு தேர்வு கூரை முழுவதையும் நாலரை அங்குலம் ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

இவ்வளவையும் கண்டறிந்து, ஒவ்வொரு பலகமாகக் கையால் திருத்தி முடித்தவருக்குப் பீடத்தார் வைத்திருக்கும் பரிசு ‘தானாகப் புதுப்பி’ என்னும் வசதி. அது உயிரோடு இருக்கும்வரை, எங்கோ ஒரு சுவரை இம்மியளவு நகர்த்தியதும் கூரை முழுவதும் புதிதாகக் கணக்கிடப்பட்டு, செய்த திருத்தங்கள் யாவும் சுவடின்றி மறையலாம். அலைந்து திரிந்து பட்டாவில் திருத்திய பெயர் அடுத்த நகலில் பழையபடியே அச்சாகி வருவதைப் போன்ற நிர்வாகத் திறன் இது. சுவர்களையும் விதான உயரங்களையும் முதலில் முடித்துக்கொண்டு, ஒரே ஒருமுறை தானியங்கிக் கூரையை எழுப்பி, உடனே அவ்வசதியை அணைத்து, கோப்பின் நகலொன்றைச் சேமித்த பிறகே கைத்திருத்தத்தில் இறங்குவது அனுபவசாலிகளின் வரிசைமுறை. இதைப் பயனர் தம் முதல் இழப்புக்குப் பிறகு தாமாகவே கற்றுக்கொள்வதால், பீடத்தார் எங்கும் எழுதிவைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

இனி, மண்ணுக்கு அடியில். பல மென்பொருள்களில் அஸ்திவாரம் என்பது தரைத்தளச் சுவர்களுக்குக் கீழே பூஜ்யம் எண்ணிட்டு உருவாக்கப்படும் ஒரு தளம். தரையோடு ஒட்டிய கான்கிரீட் பலகை, குட்டைச்சுவர் எழுப்பித் தவழ்ந்து செல்லுமளவு இடைவெளி விடும் அமைப்பு, முழு நிலவறை என்று மூன்று தெரிவுகளைப் பீடத்தார் முன்வைக்கின்றனர். மூன்றும் வட அமெரிக்க மரச்சட்ட வீட்டின் பிள்ளைகள். அப்பகுதியில் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்துக் கட்டடத்தையே தூக்கிவிடக்கூடும் என்பதால், அஸ்திவாரத்தின் அடிப்பாதம் உறையும் ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அங்கே பெரிதும் பின்பற்றப்படும், பெயரளவில் சர்வதேசமான, குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு எவ்விடத்திலும் 12 அங்குலமாவது ஆழம் வேண்டும் என்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1904 குறைந்தது 50 சென்டிமீட்டர் ஆழம் கேட்கிறது. இங்கே பயப்பட வேண்டியது உறைபனிக்கன்று, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு. நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும் அம்மண்ணில், அடியில் குமிழாக விரியும் அண்டர் ரீம்டு பைல் எனப்படும் தூண் அஸ்திவாரத்தைப் பொறியாளர் பரிந்துரைப்பதுண்டு. பீடத்தாரின் பட்டியலில் அதைத் தேடுவோர் நிலவறையைக் கண்டு திரும்புகின்றனர்.

பட்டியலில் இல்லாதது ஒருபுறமிருக்க, இருப்பதும் சொன்னபடி நடப்பதில்லை. மேலே சுவரை நகர்த்தினால், தானியங்கிப் புதுப்பித்தல் அணைந்திருக்கும் நிலையில், அஸ்திவாரம் பழைய இடத்திலேயே நின்று சுவர் அந்தரத்தில் தொங்குகிறது. புதுப்பித்தலை ஏற்றி வைத்தாலோ கையால் செய்த திருத்தங்கள் கூரையின் கதியையே அடைகின்றன. சரிவான மனையில், மனைத்தளத்தின் உயரத்தைத் தரைமட்டத்தோடு பொருத்தத் தவறினால் நிலப்பரப்பு கூடத்துக்குள் புகுந்து நடுவீட்டில் புல் முளைக்கிறது. உள்ளே பாரம் தாங்கும் சுவரையும் வெறும் தடுப்புச் சுவரையும் வேறுபடுத்திச் சொல்லாவிட்டால், தாங்கவேண்டிய சுவருக்கு அடிப்பாதமே கிடைப்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு: மேல்தளத்தை முடித்த பின்பே பூஜ்யம் தளத்தை எழுப்புதல், பாரச்சுவர்களைப் பெயரிட்டு அறிவித்தல், மனைத்தள உயரத்தை எண்ணால் நிறுவுதல், முடிவில் வீட்டைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் வெட்டுத்தோற்றத்தில் அடிமுதல் முடிவரை சரிபார்த்தல். முப்பரிமாணப் படம் மறைக்கும் பிழையை வெட்டுத்தோற்றம் காட்டிக்கொடுக்கும்; அதனால்தானோ என்னவோ, பளபளக்கும் முப்பரிமாணப் படத்தையே பீடத்தார் எப்போதும் முன்னிறுத்துகின்றனர்.

தமிழ்நாட்டு மொட்டைமாடி இவ்வாட்சியில் அகதி. சரிவில்லாத கூரையைக் குறைபாடாகவே பார்க்கும் கட்டளையிடம், இங்குள்ள கான்கிரீட் தளத்தின் சரிவு அதன்மேல் பரப்பும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டோடும் சேர்ந்த அடுக்கில்தான் ஒளிந்திருக்கிறது என்று விளக்கிப் பயனில்லை. எனவே வரைவாளர்கள் கூரையையே கைவிட்டு, மாடியைக் கூரையும் விதானமும் இல்லாத மேல்தள அறையாக அறிவித்து, அதன் சுவர்களைக் கைப்பிடிச்சுவர் உயரத்துக்குக் குறைத்துத் தப்பிக்கின்றனர். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக உள்ள மாநிலத்தில் அந்த மாடியின் நீர் எந்த மூலைக்கு ஓடி எந்தக் குழாயில் இறங்குகிறது என்பதைத் திரை காட்டாது. அதையும் வரைவாளரே தனிக்கோடுகளாக வரைந்துகொள்கிறார்.

மேற்கண்டவற்றைக் கருதி, பீடத்தாரின் மேலான பரிசீலனைக்கு நான்கு கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன. கூரை கோணலாகும்போது, அதற்குக் காரணமான சுவரைத் திரையில் சிவப்பிட்டுக் காட்ட வேண்டும். பயனர் கையால் திருத்திய பலகத்தை அவர் அனுமதியின்றி அழிக்கக் கூடாது. அஸ்திவாரம் எழுப்பும் முன் மண்பரிசோதனை நடந்ததா என்று ஒரு வரியாவது கேட்க வேண்டும். திரையில் தோன்றும் அடிப்பாதத்தின் அளவு படத்துக்கானதே அன்றிப் பாரம் கணக்கிட்டு வந்ததன்று என்பதை, உரிம ஒப்பந்தத்தின் அடியில் புதைக்காமல், அந்த அளவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இந்நான்கனுள் கடைசியானதை மறுக்க எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. அது ஒரே ஒரு வாக்கியம்.

ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

நகல்: வீடு கட்டவிருக்கும் பொதுமக்களுக்கு, தகவலுக்காகவும் உடனடி நடவடிக்கைக்காகவும். பீடத்தாரின் பதில் வரும்வரை, சுவர்களை நேராக்கிய பின்பே கூரைப் பொத்தானை அழுத்தவும்; வானம் எனப்படும் அஸ்திவாரப் பள்ளத்தைத் தோண்டும் முன் திரையில் உள்ள ஆழத்தை நம்பாமல், மண்ணைப் பார்த்த பொறியாளரின் கையொப்பத்தைக் கேட்டு வாங்கவும்.